எல்லை கண்ட அறிஞர் ஸ்டீபன் க்ளேனி

உலகில் புகழ் இருவகைப்படும். பெயர் நிலைத்துச் செயல் மறைவது ஒன்று. செயல் நிலைத்துப் பெயர் மறைவது மற்றொன்று. முடிமன்னர் பலரின் பெயரை நாம் அறிவோம். அவர் செய்தது யாதென வினவின் விடை கூறத் தடுமாறுவோம். முதன்முதல் சக்கரம் செய்தவன் பெயரையோ ஒருவரும் அறியார். அவன் செய்த பொருளின்றி ஒருநாளும் நாம் வாழ்வதில்லை. இவ்விரண்டாம் வகைப் புகழுக்கு உரியவர்களுள் ஒருவர் ஸ்டீபன் கோல் க்ளேனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். கணிப்பொறியின் முன் அமர்ந்து ஆயிரம் கோப்புகளுக்கிடையே ஒரு பெயரைத் தேடும் ஒவ்வொருவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, அவர் வகுத்த ஒரு சிறு குறியின் துணையை நாடுகின்றனர். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி மாணவருக்கு எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்வோருக்கு இவரால் ஆவதென்னை என்று ஐயுறுவோர் இறுதிவரை பொறுத்துப் படிப்பாராக.

பிறப்பும் இளமையும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியில் கனெக்டிகட் என்பது ஒரு மாநிலம். அதன் தலைநகராகிய ஹார்ட்ஃபோர்டில் 1909ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5ஆம் நாள் க்ளேனி பிறந்தார். தந்தையார் குஸ்தாவ் அடால்ஃப் க்ளேனி அந்நகரத்து டிரினிட்டி கல்லூரியில் பொருளியற் பேராசிரியர். தாயார் ஆலிஸ் கோல் கவிதை இயற்றும் ஆற்றலுடையவர். அளந்து கூறும் பொருளியலும் அளவிற்கு அடங்காத கவிதையும் ஓரில்லத்தில் குடியிருந்தன என்னலாம். அவருடைய பெயரை எழுத்து நோக்கிப் படிப்போர் பலவாறு ஒலிப்பர். அவர் தாமோ க்ளேனி என்றே வழங்கினார்.

அக்குடும்பத்திற்கு மெய்ன் மாநிலத்தில் ஒரு பண்ணை இருந்தது. காடும் மலையும் ஏரியும் நிறைந்த நாடு அது. இளமையில் அவ்விடத்துக் கழித்த கோடைக்காலங்கள் க்ளேனியின் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. மலையேறுதலிலும் இயற்கையைக் காத்தலிலும் அவர்க்கிருந்த பற்று முதுமைவரை குன்றாதிருந்தது. அறையினுள் அடைந்து கிடந்து ஏடு புரட்டுவோரே கணித அறிஞராவர் என்று எண்ணுவோர் இவர் வாழ்க்கையைக் கண்டு தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

உயர்கல்விக்கு அவர் சேர்ந்த இடம் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி. பொருள் வசதியில்லாத பக்தியுள்ள இளைஞரைக் கிறிஸ்தவ ஊழியத்திற்குப் பயிற்றுவிக்கும் கருத்துடன் 1821இல் நிறுவப்பெற்றது அக்கல்லூரி. அங்கே கணிதமும் மெய்ப்பொருளியலும் கற்று, 1930இல் மிக உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்றார். இவ்விரு துறைகளும் கூடுமிடத்தில் நிற்பது அளவை நூல். அதுவே பின்னர் அவருடைய வாழ்நாள் தொழிலாயிற்று.

பிரின்ஸ்டனில் பெற்ற பயிற்சி

அக்காலத்துக் கணித உலகம் ஒரு பெரிய வினாவை எதிர்நோக்கியிருந்தது. கணக்கிடுதல் என்றால் என்ன? எவ்வெவற்றை ஒழுங்கான வழிமுறையினால் கணக்கிட்டு முடிக்க இயலும்? எவற்றிற்கு அத்தகைய வழிமுறையே இருத்தல் இயலாது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சர்ச் என்னும் இளம் பேராசிரியர் இவ்வினாவை உள்ளத்திற்கொண்டு, கணிதம் முழுமையையும் தாங்கவல்ல புதியதோர் அளவை முறையை அமைத்துக் கொண்டிருந்தார். க்ளேனி அவரிடம் மாணவராய்ச் சேர்ந்தார்.

சர்ச்சின் முறையில் ஓர் எண் என்பது ஒரு செயலை அத்தனை முறை செய்தலையே குறிக்கும். மூன்று என்றால் ஒரு செயலை மும்முறை செய்தல். இவ்வாறு கொண்டால் கூட்டலும் பெருக்கலும் எளிதில் அமையும். ஆனால் ஓர் எண்ணுக்கு முந்தைய எண்ணைக் காண்டல், அதாவது ஒன்றைக் கழித்தல், அரிதாயிற்று. செய்த செயலை எவ்வாறு செய்யாததாக்குவது? அது தம் முறையில் இயலாதோ என ஆசிரியரே ஐயுறும் நிலை ஏற்பட்டது. 1932ஆம் ஆண்டில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் பல் மருத்துவரிடம் சென்றிருந்தபோது க்ளேனிக்கு விடை தோன்றியதாம். ஒவ்வோரடி முன்னேறும்போதும் இப்போதைய எண்ணை மட்டுமன்றி அதற்கு முந்தைய எண்ணையும் உடன்கொண்டு செல்க. இறுதியில் முந்தையதை மட்டும் எடுத்துக்கொள்க என்பதே அவ்விடை. நோவின் நடுவிலும் உள்ளம் தன் பணியை விடாதிருந்தமைக்கு இது நல்ல சான்று.

1934இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். சர்ச்சின் அளவை முறையைக் கொண்டு எண்களின் இயல்பையெல்லாம் நிறுவிக் காட்டுதலே அவர் ஆய்வேட்டின் பொருள். ஓர் இளைஞர்க்கு இதனினும் சிறந்த தொடக்கம் வேண்டுவதில்லை.

அடித்தளம் சரிந்தது

இந்நிலையில்தான் அவர் வாழ்வின் முதற் சோதனை நேர்ந்தது. க்ளேனியும் அவருடன் பயின்ற ஜே. பார்க்லி ராஸரும் சர்ச்சின் முறையை மேலும் மேலும் ஆராய்ந்தனர். ஆராய ஆராய அதனுள்ளே ஒரு முரண் ஒளிந்திருப்பது புலனாயிற்று. முரணுடைய ஓர் அளவை முறையில் எதனையும் மெய்யென நிறுவலாம். அதன் மறுதலையையும் மெய்யென நிறுவலாம். எனவே அம்முறை எதற்கும் பயன்படாது. தாங்கள் கண்ட முரணை இருவரும் 1935இல் அச்சிட்டு வெளியிட்டனர்.

இதன் பொருளை நாம் நின்று நினைத்தல் வேண்டும். சரிந்தது ஆசிரியர் எழுப்பிய மாளிகை. அதன் மேல்மாடத்தில் இருந்ததோ மாணவர் தம் ஆய்வேடு. ஆசிரியரிடம் அன்புடைய மாணவர், தம் உழைப்பையும் பணயம் வைத்து, இம்மாளிகை நில்லாது என்று கூறுதல் எளிதோ? மறைத்துவிடுதலும், காணாதவர்போல் இருந்துவிடுதலும் அதனினும் எளிதல்லவோ? அவர்கள் மறைத்தாரல்லர். சர்ச்சும் சினந்தாரல்லர். இடிபாட்டினிடையே எது சிதையாது நின்றதென மூவரும் தேடினர். அளவைப் பகுதியை நீக்கிவிட்டால் எஞ்சும் கணக்கீட்டுப் பகுதி முரணற்றது என்று சர்ச்சும் ராஸரும் 1936இல் நிறுவினர். லாம்டா கணக்கீடு என இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுவது அதுவே. பல் மருத்துவரிடம் க்ளேனி கண்ட விடை அப்பகுதியைச் சார்ந்ததாதலின் அதுவும் தப்பிப் பிழைத்தது. மணலின்மேற் கட்டியது வீழ்ந்தது. கற்பாறையின்மேல் நின்றது நிலைத்தது.

எதிர்க்கப் புகுந்து ஏற்றுக்கொண்டமை

பின்னர்ச் சர்ச் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். ஒழுங்கான வழிமுறையினால் கணக்கிடத்தக்கன யாவும் தம் லாம்டா முறையில் அடங்கும் என்பதே அக்கருத்து. க்ளேனி இதனை உடனே நம்பினாரல்லர். ஆசிரியர் கூற்றாயினும் ஆராயாது ஏற்றல் அவர் இயல்பன்று. அக்கருத்தைப் பொய்ப்பிக்கும் எண்ணத்துடன் அமர்ந்து, அம்முறைக்கு அடங்காத ஒரு கணக்கைப் படைத்துக்காட்ட முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. அது பலியாமைக்குரிய காரணத்தை அவர் தெளிவுற உணர்ந்தபோது, ஓரிரவிற்குள் எதிர்ப்பாளர் ஆதரவாளராயினார். சர்ச் கோட்பாடு என்று பின்னாளில் அதற்குப் பெயரிட்டு உலகறியச் செய்தவரும் அவரே.

1934இல் கூர்ட் கேடல் என்னும் பேரறிஞர் பிரின்ஸ்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு க்ளேனியும் ராஸருமே குறிப்பெடுத்தனர். அங்கே கேடல் கூறிய பொதுச்சுழற் சார்புகளும் சர்ச்சின் லாம்டா முறையும் ஒன்றையே குறிப்பன என்பதை 1936இல் க்ளேனி நிறுவினார். இங்கிலாந்தில் ஆலன் டூரிங் தனித்து எண்ணிக் கண்ட எந்திரமும் அவற்றோடு ஒத்ததாயிற்று. மூன்று திசையினின்று நடந்தோர் ஒரே ஊரை அடைந்தனர். ஆதலின் அவ்வூர் உண்மையாகவே உள்ளது என்று உலகம் நம்பிற்று. லாம்டா குறியீட்டில் எழுதியவற்றை அவையோர் விரும்பிக் கேளாமை கண்ட க்ளேனி, அவற்றையே சுழற் சார்புகளின் மொழியில் மாற்றி எழுதினார் என்பதும் அறியத்தக்கது. தம் குறியீட்டைவிடத் தம் கருத்துப் பிறரைச் சென்றடைதலையே அவர் பெரிதாகக் கொண்டார்.

ஆசிரியப் பணி

1935இல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இடையில் ஓராண்டு பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திலும், பின்னர்த் தாம் பயின்ற ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலும் இருந்தார். 1942இல் நான்சி எலியட் அம்மையாரை மணந்தார். நான்கு மக்கள் பிறந்தனர். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தமையால் அவ்வாண்டே கப்பற்படையிற் சேர்ந்து, நியூயார்க்கில் இளம் அதிகாரிகளுக்குக் கடல்வழிச் செலுத்துகையைக் கற்பித்தார். பின்னர் வாஷிங்டனில் கப்பற்படை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். கணக்கிட இயலாதவற்றைப் பற்றி எழுதிய கை, கப்பல் நிற்குமிடத்தைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தது. போர் முடிந்தபின் 1946இல் மாடிசன் திரும்பினார். 1948இல் முழுப் பேராசிரியரானார். 1952இல் வெளிவந்த அவருடைய மெட்டாமாதமாட்டிக்ஸ் அறிமுக நூல், அளவைநூல் பயின்ற பல தலைமுறையினர்க்கு ஆசானாய் விளங்கிற்று.

உடுக்குறி பிறந்த கதை

இனி அவர் பெயரைக் கணிப்பொறி உலகில் நிலைநாட்டிய செயலைக் கூறுவோம். 1951ஆம் ஆண்டுக் கோடையில் க்ளேனி, கலிஃபோர்னியாவின் சாண்டா மானிக்கா நகரிலுள்ள ராண்ட் நிறுவனத்திற்குச் சென்றார். அங்கே அவர் கையில் ஒரு கட்டுரை கொடுக்கப்பட்டது. வாரன் மக்கல்லக் என்னும் மருத்துவ அறிஞரும், இருபது வயதளவினரான வால்டர் பிட்ஸ் என்னும் இளைஞரும் 1943இல் எழுதிய கட்டுரை அது. மூளையிலுள்ள நரம்பணுக்களை, ஆம் அல்லது அன்று என்னும் இரண்டே விடை கூறும் சிறு கருவிகளாகக் கொண்டு, அவற்றைப் பின்னிய வலை எதனைச் செய்யவல்லது என்று அவர்கள் ஆராய்ந்திருந்தனர்.

க்ளேனி கேட்ட வினா எளிமையானது. இத்தகைய வலைக்குள் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புகுகின்றன. அளவான நினைவுடைய அவ்வலை அவற்றுள் எவ்வகை வரிசைகளை இனங்கண்டு கூறும்? அவர் கண்ட விடையும் எளிமையானது. மூன்றே செயல்கள் போதும். ஒன்றேனும் மற்றொன்றேனும் வருதல். ஒன்றன்பின் மற்றொன்று வருதல். ஒன்று மீண்டும் மீண்டும் வருதல். இம்மூன்றினாலும் அமைத்துக் கூறத்தக்க வரிசைகளை அவ்வலை இனங்காணும். அவற்றையன்றிப் பிறவற்றைக் காணாது. இவ்விரண்டையும் அவர் ஐயமற நிறுவினார்.

மூன்றாவது செயலுக்கு அவர் இட்ட அடையாளமே உடுக்குறி. வானத்து மீன் போன்ற * என்னும் அக்குறி, தனக்கு முன்னுள்ளது ஒருமுறையும் வாராதிருக்கலாம், ஒருமுறை வரலாம், எத்தனை முறையேனும் வரலாம் என்று உணர்த்தும். க்ளேனியின் கட்டுரையில் அஃது இரண்டு உறுப்புகளுக்கு இடையே நின்றது. பின்வந்தோர் அதனை ஓர் உறுப்பின் பின்னே தனித்து நிற்குமாறு அமைத்தனர். அவர் பெயராலேயே அதனை க்ளேனி உடுக்குறி என்று இன்றும் அழைக்கின்றனர். அவ்வரிசைகளுக்கு ஒழுங்கு நிகழ்ச்சிகள் என்று பெயரிட்ட அவர், இதனினும் பொருத்தமான பெயரை எவரேனும் கூறின் வரவேற்பதாகவும் எழுதிவைத்தார். எவரும் கூறவில்லை போலும். அப்பெயரே நிலைத்து, அவற்றைக் குறிக்கும் தொடர்களுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று வழங்கலாயிற்று. நாம் ஒழுங்குத்தொடர் என்போம். 1951இல் ராண்ட் நிறுவன அறிக்கையாயிருந்த அக்கட்டுரை 1956இல் நூலொன்றிற் சேர்ந்து அச்சாயிற்று.

இலக்கணம் பயிலும் நமக்கு இக்கருத்து அயலானதன்று. சிலவாய சொற்களால் ஆகிய ஒரு நூற்பா, எண்ணிறந்த சொற்களின் புணர்ச்சியை ஆள்கின்றதன்றோ? முடிவுடைய விதியால் முடிவில்லாத வழக்கை அளத்தலே இலக்கணியின் தொழில். க்ளேனி செய்ததும் அத்தொழிலே. அதனோடு அவர் நிற்கவில்லை. இவ்வகை விதி எங்கே முடிகின்றது என்பதையும் காட்டினார். எத்தனை அடைப்புக்குறிகள் திறந்தனவோ அத்தனையும் முறைப்படி மூடினவா என்று, எண்ணிக்கைக்கு வரம்பில்லாதவிடத்து, ஒழுங்குத்தொடரால் அறிதல் இயலாது. எண்ணி வைத்துக்கொள்ள அதற்கு வரம்பற்ற நினைவு இல்லை.

ஏட்டினின்று எந்திரத்திற்கு

பன்னிரண்டு ஆண்டுகள் அக்குறி பெரும்பாலும் அறிஞர் ஏடுகளிலேயே தங்கியிருந்தது. 1968இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கென் தாம்ப்ஸன், ஒழுங்குத்தொடரைக் கணிப்பொறிக் கட்டளைகளாக மாற்றி, நீண்ட உரையினுள் வேண்டியதைத் தேடும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையைப் படைத்தவர்களுள் அவர் ஒருவர். அம்முறையில் அவர் அமைத்த கிரெப் என்னும் தேடுகருவி 1973இல் வெளிப்பட்டது. நரம்பணுவை ஆராயப் பிறந்த குறி இவ்வாறு எழுத்தரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அக்குறி செய்யும் பணியை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். கணிப்பொறியில் எழுதி வைப்பனவற்றைக் கோப்பு என்பர். கோப்புகளைக் கோப்புறைகளிலும், அவற்றை வேறு கோப்புறைகளிலும் இட்டு வைப்பர். ஊர், தெரு, இல்லம் என முகவரி எழுதுவதுபோல, கோப்பு இருக்குமிடத்தைச் சாய்கோடுகளால் பிரித்து எழுதுவது கோப்பின் பாதை எனப்படும். ஒரு மலர்க்குழுவினர் கவிதை ஒன்றைக் கீழ்வருமாறு வைத்திருப்பதாகக் கொள்வோம்.

/கல்லூரி/மலர்/2023/காலை.உரை

இப்பாதையினின்று கோப்பின் பெயரை மட்டும் எடுத்தல் வேண்டும். ஒன்றாயின் கையினாலேயே எடுக்கலாம். பழைய மலர்கள் அனைத்திலுமுள்ள ஆயிரம் பாதைகளாயின் என் செய்வது? அப்போது எழுதவேண்டிய ஒழுங்குத்தொடர் இது.

.*/([^/]*)$

புள்ளி என்பது யாதானும் ஓர் எழுத்து. அதன்பின் உடுக்குறி வந்தமையால் எத்தனை எழுத்தாயினும் ஆகுக என்று பொருள். அதன்பின் ஒரு சாய்கோடு. உடுக்குறி இயல்பில் பேராசையுடையது; இயன்ற மட்டும் விழுங்கும். முதலில் வரி முழுவதையும் விழுங்கிவிட்டு, சாய்கோடு ஒன்று வேண்டுமே என்பதற்காக ஒவ்வோர் எழுத்தாய்த் திருப்பித்தரும். ஆதலின் இறுதிச் சாய்கோட்டிலேயே அது வந்து நிற்கும். சதுர அடைப்பினுள்ளது சாய்கோடல்லாத ஓர் எழுத்து என்பதைக் குறிக்கும். வளைந்த அடைப்பு, இப்பகுதியைத் தனியே எடுத்துத் தருக என்று பணிக்கும். ஈற்றிலுள்ள குறி வரியின் முடிவு. எனவே காலை.உரை என்பது கைக்கு வரும். ஆண்டினை மட்டும் வேண்டின்,

^/[^/]*/[^/]*/([^/]*)

என்று எழுதுக. முதற்குறி வரியின் தொடக்கம். இரண்டு உறுப்புகளைக் கடந்து மூன்றாவதை எடுக்கின்றமையால் 2023 என்பது கிடைக்கும். யூனிக்ஸ் முறையில் கோப்பின் பெயருள் சாய்கோடு வருதல் கூடாதென்னும் விதி இருத்தலால், இவ்வழி பிழைபடுவதில்லை.

ஆயினும் எல்லை அறியாது எழுதுவோர் இடறுவர். புள்ளிக்குப் பின்னுள்ள பெயரீற்றை எடுக்க விரும்பி,

\.([^.]*)$

என்று எழுதினால், மேற்காட்டிய பாதையில் உரை என்பது சரியாகவே வரும். புள்ளியின் முன்னுள்ள கோடு, இது யாதானும் ஓர் எழுத்தன்று, புள்ளியே என்று உணர்த்துவது. ஆனால் /மலர்/பதிப்பு.2/முன்னுரை என்னும் பாதையில் கோப்புக்குப் பெயரீறே இல்லை. புள்ளி இருப்பது கோப்புறையின் பெயரில். அங்கே அத்தொடர் 2/முன்னுரை என்னும் பொருந்தாத விடையைத் தரும். சதுர அடைப்பினுள் சாய்கோட்டையும் சேர்த்து,

\.([^./]*)$

என்று எழுதின் அக்குற்றம் நீங்கும். தமிழ்ப் பெயர்களைக் கையாளுவோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். நமக்கு ஓரெழுத்தாகிய கி, கணிப்பொறிக்குக் ககரமும் இகரக் குறியுமாகிய இரண்டு. ஆதலின் தனிப்புள்ளி ஒன்று பல கருவிகளில் நம் உயிர்மெய்யின் பாதியையே கொள்ளும். சாய்கோடு வரையிலும் செல்க என்று உடுக்குறியோடு எழுதுமிடத்து இவ்விடர் நேராது. நாம் கருதியதையன்று, நாம் எழுதியதையே எந்திரம் செய்யும். தாம் வேண்டுவது இதுவெனக் கூறுதலோடு, வேண்டாதது இதுவெனவும் வரையறுத்துக் கூறவல்லவரே அதனிடம் வேலை வாங்குவர்.

முதுமையும் முடிவும்

க்ளேனியின் பிற்கால வாழ்வு பணியினாலும் பெருமையினாலும் நிறைந்தது. மாடிசனில் கணிதத்துறைத் தலைவராயிருந்தார். 1969 முதல் 1974 வரை கலை அறிவியற் புலத்தின் முதல்வராகவும் விளங்கினார். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் கிளர்ந்தெழுந்து அப்பல்கலைக்கழகம் கொந்தளித்த காலம் அது. 1970இல் துணைவியார் நான்சி இறந்தார். பொதுவாழ்வின் இடுக்கணும் இல்லத்துத் துயரும் ஒருசேர வந்தபோதும் ஏற்ற பொறுப்பை அவர் விட்டாரல்லர். 1978இல் ஜீன் டானவன் அம்மையாரை மணந்தார். 1979இல் ஓய்வு பெற்றார். 1969இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்து உறுப்பினராகவும், 1983இல் ஸ்டீல் பரிசுக்கு உரியவராகவும், 1990இல் நாட்டின் தேசிய அறிவியற் பதக்கம் பெற்றவராகவும் சிறப்புற்றார். இத்தனைக்கும் நடுவே கோடைதோறும் அவர் உள்ளம் நாடியது மெய்ன் பண்ணையையே. 1994ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 25ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில், மாடிசனில் உயிர் நீத்தார்.

அவர் வாழ்வு கற்பிப்பது

நண்பர்காள்! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? அவர் கூரறிவை நாம் எல்லோரும் பெறுதல் அரிது. அவருடைய நேர்மையைப் பெறுதல் நம் விருப்பத்தைப் பொறுத்தது. தம் ஆய்வேட்டின் அடித்தளம் பொய்யென்று கண்டபோது அதனைத் தாமே வெளியிட்டார். ஆசிரியர் கோட்பாட்டை எதிர்க்கப் புகுந்து, அது நிற்கக் கண்டபோது தாமே அதனைத் தாங்கினார். ஒரு கருவியைப் படைத்தபோது, அது வல்லது இது, மாட்டாதது இது என்று இரண்டையும் ஒருங்கே கூறினார். தம் கருத்தின் ஆற்றலைப் பறைசாற்றுவோர் பலர். அதன் எல்லையையும் உடன்கூறுவோர் மிகச் சிலர். அவ்வெல்லையை அவர் வரைந்து வைத்தமையாலன்றோ பின்வந்தோர் அஞ்சாது அதன்மீது கட்ட முடிந்தது?

மற்றொன்றும் உண்டு. 1951இல் அக்கட்டுரையை எழுதியவர், எழுத்தரும் மாணவரும் மலர்க்குழுவினரும் தம் கோப்புகளைப் பிரித்தெடுக்கத் தம் குறியை நாடுவர் என்று கருதி எழுதவில்லை. நரம்பு வலையைப் பற்றிய உண்மை ஒன்றை அறியவே எழுதினார். உண்மைக்காகத் தேடிய பொருள் ஊருக்குப் பயன்பட்டது. கடுகுவிதை அளவான ஒரு குறி மரமாய் வளர்ந்து, அதன் கிளைகளில் இன்று எத்தனையோ பேர் தங்குகின்றனர். நாம் பயிலும் இலக்கணமும் இலக்கியமும் எதற்குப் பயன்படும் என்று வினவுவோர்க்கு இதனினும் தக்க விடை உண்டோ? நமக்கு ஒப்புவிக்கப்பட்ட தாலந்து சிறிதாயினும் அதனைப் புதைத்து வையாது, உண்மையாய் உழைப்போமாக. அதன் பயன் எங்குச் சென்று சேரும் என்பதை ஆண்டவர் அறிவார்.